வி.ஆர். கண்ணாடியா, கைபேசி வீடியோவா, நிஜ பஸ் ஸ்டாண்டா?

இந்த வருஷம் மட்டும் ஐந்து பெற்றோர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: “டீச்சர், அந்த வி.ஆர். கண்ணாடி வாங்கிக் கொடுத்தா எங்க பிள்ளைக்கு நல்லதா?” கண்ணை மூடி மாட்டிக்கொண்டால், வேறோர் இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் சுற்றிலும் காட்சி காட்டும் கருவி அது. தனியே பஸ் ஏறவும், கடையில் மீதிச் சில்லறை கேட்டு வாங்கவும், ரோட்டைக் கடக்கவும் காரைக்குடியில், ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழக்குவது என் வேலை. ஆட்டிசம் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், இரண்டும் சேர்ந்திருப்பவர்கள் எல்லாரும் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கண்ணாடியில் பலம் இருக்கிறது. தவறு செய்தாலும் அடிபடாத ரோடு அது. ஒரே இடத்தை இருபது தடவை கடக்கலாம். முதல் நாள் ஹாரன் சத்தமே இல்லாமல் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டலாம். எங்கள் ஊர்ச் செக்காலை ரோட்டில் இது எதுவும் நம் கையில் இல்லை. அமெரிக்காவில் டாரத்தி ஸ்ட்ரிக்லண்ட் குழுவினர் 1996-லேயே ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகளுக்கு அன்றைய பெரிய ஹெல்மெட்டை மாட்டி, தெருவில் வரும் காரையும் நிறுத்தப் பலகையையும் கவனிக்கப் பழக்கினார்கள். மாட்டிக்கொள்ளவே மாட்டார்கள் என்ற பயம் அங்கே பொய்யானது. ஆனாலும் அது இரண்டு குழந்தைகளின் கதைதான். அதை வைத்து நம் வீட்டுப் பிள்ளைக்கு உறுதி சொல்ல முடியாது.

தயக்கங்களையும் சொல்கிறேன். இன்று விற்கும் கண்ணாடிகள் சுமார் அரைக் கிலோ எடை. தலையில் எண்ணெய் வைக்கவே விடாத பிள்ளை, நெற்றியை அழுத்தும் பட்டையைப் பொறுக்குமா? கண் நடக்கிறதாகக் காட்டும், உடம்பு நின்ற இடத்திலேயே இருக்கும். அந்த முரணால் தலை சுற்றும், குமட்டும். பேச்சு வராத பிள்ளையால் அதைச் சொல்ல முடியாது, கையை உதறிக் கத்தும். நாம் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுவோம். இன்னொன்று வலிப்பு. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்தவர்களிடம் அது அதிகம். வலிப்பு இருக்கிற, இருந்த பிள்ளைக்கு நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு. அமெரிக்கத் தெருவை வைத்துச் செய்த பயிற்சியில் வண்டி முதலில் இடப்பக்கமிருந்து வரும். நம் ரோட்டில் வலப்பக்கமிருந்து வரும். “முதல்ல இடது பக்கம் பாரு” என்று மனதில் பதிந்துவிட்டால், கற்றதை இம்மி பிசகாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு அது உயிர் விஷயம். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது இவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். அறிவுசார் குறைபாடு கூடக்கூட அந்தக் கஷ்டமும் கூடுகிறது. படத்தில் உள்ள பஸ் நம்மூர் பஸ்ஸாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

கண்ணாடியே இல்லாத வி.ஆர். ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் ‘நீல அறை’ என்ற அறையின் சுவர்களையே திரையாக்கி, பிள்ளை எதற்குப் பயப்படுகிறதோ அந்தக் காட்சியைச் சுற்றிலும் ஓடவிட்டார்கள். மனநலச் சிகிச்சையாளர் பக்கத்திலேயே நிற்பார். 2014-இல் வெளியான முதல் ஆய்வில் 9 பையன்களில் 8 பேர் முன்னேறினார்கள். 4 பேருக்கு அந்தப் பயமே போய்விட்டது. அவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசக்கூடியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த அறை நமக்குக் கிடைக்காது. ஆனால் செட்டிநாட்டில் அதற்கு ஈடாக ஒன்று இருக்கிறது: பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் அமைதியான வளவு (உள்முற்றம்). ஓர் ஆச்சி எங்களுக்கு வாரம் ஒரு நாள் தன் வீட்டைத் திறந்துவிடுகிறார். அந்தக் காலத்துச் சுவர் பளபளவென்று ஒளியைத் திருப்பி அடிப்பதால், வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி புரொஜெக்டரில் பஸ் ஸ்டாண்டை ஓடவிடுகிறோம். தரையில் பதித்த ஒரு ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒருவர் என்று வரிசையில் நிற்கவும் பழகுகிறார்கள். பிள்ளைக்கு வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கண்ணாடியில் அந்தச் சுதந்திரம் இல்லை.

கைபேசி வீடியோ இவற்றில் மலிவானது. நிறையப் பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வும் அதுதான். பிள்ளையின் கண் உயரத்தில் கைபேசியைப் பிடித்து, படியில் ஏறுவது, கம்பியைப் பிடிப்பது, கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்வது என்று இரண்டு நிமிடத்துக்குள் எடுங்கள். அண்ணனோ அக்காவோ செய்துகாட்டினால் இன்னும் நல்லது. புறப்படும் முன் இரண்டு தடவை காட்டினால் போதும்.

எதைத் தேர்ந்தாலும் நிஜப் பயணம் கட்டாயம். மாற்றுத்திறனாளிக்கும் உடன்வரும் துணையாளுக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை; 2021-இல் வந்த அந்தச் சலுகையால்தான் ஒரே வழியில் முப்பது தடவை போய்வர முடிகிறது. பயணத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து நான் பழக்கத் தொடங்குவேன். முதல் வாரம் எல்லாவற்றையும் நான் செய்வேன். தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து இறங்குவது மட்டும் பிள்ளையின் வேலை. இறங்கினால் வீடு, அம்மா, காபி. அடுத்த வாரம் நிறுத்தத்தை அடையாளம் காண்பதும் சேரும். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வருவோம்.

என்னைக் கேட்ட அந்த ஐந்து பெற்றோரில் ஒருவரிடம் மட்டும்தான் கண்ணாடியை முயன்று பார்க்கச் சொன்னேன். அவர் மகன் நன்றாகப் பேசுவான், படிப்பான். பஸ் ஸ்டாண்டின் இரைச்சலுக்குப் பயந்து இரண்டு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. விலைக்கு வாங்காமல் இரவல் வாங்கி, நம்மூர் பஸ் ஸ்டாண்டிலேயே சுற்றிலும் எடுத்த காட்சியைப் போட்டு, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவன் பார்ப்பது டிவியில் அம்மாவுக்கும் தெரிய வேண்டும். மற்ற நால்வரின் பிள்ளைகளுக்கும் வீடியோவும் டவுன் பஸ்ஸும்தான். அவர்களில் ஒரு பெண்ணுக்கு இறங்குவது நன்றாகப் பழகிவிட்டது. அடுத்த வாரம் ஊர்ப் பெயரை அவளே சொல்ல வேண்டும். நான் இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.