நின்றால் ஒரு விலை, உட்கார்ந்தால் ஒரு விலை

ஆறேழு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் பழைய ஓட்டலைத் தேடிப் போனால் பெயர்ப்பலகை பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். மாறியிருப்பது மேசை. நாலு பேர் உட்காரும் மேசைகள் இருந்த முன்கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஸ்டீல் பலகைகள், கல்லாவுக்குப் பக்கத்தில் டோக்கன் மெஷின். உட்கார வேண்டுமென்றால் மாடிக்குப் போங்கள் என்பார்கள். மாடியில் ஏசி இருக்கும், விலைப்பட்டியலும் வேறு. கீழே பேப்பர் கப்பில் வாங்கும் அதே காபி, மேலே டபராவில் வரும்போது விலை ஏறியிருக்கும். காபிப் பொடி ஒன்றுதான். கூடுதல் காசு நாற்காலிக்கு.

உட்கார்ந்து சாப்பிடும் இடம் சுருங்குவது நேற்றுத் தொடங்கியதல்ல. 1962இல் கதீட்ரல் சாலையில் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பாத இடம். 2008இல் அதை மூடினார்கள். 2010இல் அதே மண்ணில் செம்மொழிப் பூங்கா வந்தது. நிலத்தின் மதிப்பு ஏறிய ஊரில் ஒரு மணி நேர நாற்காலி யாருக்கும் கட்டுப்படியாகாது.

கணக்கு எளிது. இலைபோட்டுச் சாப்பாடு பரிமாற சாம்பாருக்கு ஒருவர், ரசத்துக்கு ஒருவர், கூட்டு பொரியலுக்கு ஒருவர் என்று ஆள் வேண்டும். ஒரு மேசை முக்கால் மணி நேரம் அடைபடும். நின்று சாப்பிடுகிறவர் பத்து நிமிடத்தில் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் அளவில்லாச் சாப்பாடு பல கடைகளில் அளவுச் சாப்பாடாகி, பிறகு கிண்ணம் அடுக்கிய 'மினி மீல்ஸ்' ஆனது. வரியும் இதில் சேர்கிறது. ஓட்டலுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்காரர் தன் செலவுகளுக்கு ஏற்கெனவே கட்டிய வரியை, கழித்துக்கொள்ள வழியில்லை. கடை வாடகைக்கும் 19 கிலோ வணிக சிலிண்டருக்கும் கட்டிய 18 சதவீதம் அப்படியே தோசை விலையில்தான் போய் உட்காரும்.

பில்லில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஏசி ஹால் என்பதால் ஜி.எஸ்.டி. கூடும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2017 நவம்பர் 15க்கு முன்பு ஏசி கடைக்கு 18, ஏசி இல்லாத கடைக்கு 12 என்று இருந்தது. இப்போது இரண்டுக்கும் 5தான், பில்லில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். விலை உயர்ந்த அறைகள் உள்ள நட்சத்திர ஓட்டல்களின் உணவகம் மட்டும் 18. விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது, பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரியோடு 420. பத்து சதவீத சர்வீஸ் சார்ஜைச் சேர்த்து அதன் மேலும் வரி போட்டால் 462. இந்த 42 ரூபாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் மேலாளர் எடுத்துவிடுவார். சர்வருக்குக் கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள், அதுதான் அவருக்குப் போய்ச் சேரும்.

நெடுஞ்சாலைக்கு வந்தால் நிலைமை வேறு. தெற்கே போகும் பேருந்துகள் 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. ஒன்பது, பத்து மணிக்கு ஏறினால் பதினொன்று, பன்னிரண்டுக்குள் மேல்மருவத்தூருக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையில் ஏதாவதொரு மோட்டலில் வண்டி நிற்கும். சென்னைத் தெருமுனையில் 2025 செப்டம்பரில் 15 ரூபாய்க்கு ஏறிய டீ, இங்கே கிட்டத்தட்ட இரட்டிப்பு. தோசைக்கும் அதே கதி, கூடவே ஆறிய சாம்பார்.

இதற்குச் சமையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மோட்டலில் நிற்பது என்பது பயணி கையில் இல்லை. நிற்கும் பேருந்துகளுக்காக மோட்டல்காரர் பணம் கட்டுகிறார், ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு இலவசம். அந்தக் காசு உங்கள் புரோட்டாவில் வருகிறது. பதினைந்து நிமிடம்தான் நிற்கும், சுற்றிலும் வேறு கடை இல்லை, மறுபடி நீங்கள் வரப்போவதும் இல்லை. வாடிக்கையாளர் திரும்பி வரத் தேவையில்லாத கடையில் ருசிக்கு என்ன வேலை? நான்குவழிச் சாலையும் புறவழிச்சாலையும் வந்ததும், பழைய ஊர்களுக்குள் இருந்த நல்ல ஓட்டல்கள் பேருந்தை இழந்துவிட்டன. லாரியும் பேருந்தும் திரும்ப இடமும் நெடுஞ்சாலைக்கு அனுமதி பெற்ற வழியும் வைத்திருக்கும் பெரிய வளாகங்கள்தான் தப்பின.

அதிகம் ஏமாறுவது பாட்டில் தண்ணீரில். கடையில் அல்லது மோட்டலின் முன் கவுன்டரில் மூடிய பாட்டிலாக வாங்கினால் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. 'கூலிங் சார்ஜ்' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ஆனால் மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டோடு வாங்கினால் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தண்ணீரை வெளியே கவுன்டரில் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். இன்னொரு தந்திரம் உண்டு: பிரபல கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய பாட்டில், பிஸ்கட், சிப்ஸ். அச்சிட்ட விலையே அதிகமாக இருக்கும் என்பதால் விலையைப் பற்றிப் புகார் கொடுக்க எதுவும் இல்லை. பெயரைப் படித்துப் பார்த்து வாங்குவதுதான் வழி.

அரசுப் பேருந்து நிற்கும் மோட்டல் என்றால் ஒப்பந்தத்திலேயே அச்சிட்ட விலை, பில் தருவது போன்ற நிபந்தனைகள் உண்டு. பில் கேட்டாலே கூடுதல் விலைப் பேச்சு பாதி அடங்கிவிடும். கொடுக்க மறுத்தால் பேருந்து எண், நேரம், மோட்டல் பெயர், பாட்டிலின் விலை அச்சு தெரியும்படி ஒரு படம், இவற்றை எடுத்துக்கொண்டு 1915 என்ற எண்ணில் சொல்லலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தமிழ்நாட்டில் பிடிப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. பலருக்கு இது தெரியாததால் புகாரை உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

சொந்தக் காரில் போகிறவர்கள் மோட்டல் வெளிச்சத்தைத் தாண்டி, லாரிகள் ஓரங்கட்டியிருக்கும் கடையில் நிறுத்துவது நல்லது. தினமும் அதே பாதையில் போகிறவர்களிடம் கொள்ளையடித்தால் மறுநாள் கடை காலியாகிவிடும். அங்கேயும் கல்லில் இருந்து நேராக வருவதைக் கேளுங்கள்: புரோட்டா, தோசை, ஆம்லெட். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியும் வெள்ளைக் குருமாவும் இரவு பத்து மணிக்கு வேண்டாம். கழிப்பறைக்குக் காசு கேட்டால் அடுத்த பெட்ரோல் பங்க்குக்குப் போகலாம். கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் அங்கே இலவசமாகத் தர வேண்டும்.

பணம் கட்டுவதிலும் ஒரு சிக்கல். சின்னக் கடையில் வெளிநாட்டுக் கார்டு செல்லாது, கியூஆர் அட்டைதான். சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் கைபேசி எண்ணோடு வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கை இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். நெடுஞ்சாலையில் சிக்னல் போகும் இடங்களுக்குப் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் அவசியம்.

டாலரிலோ திர்ஹாமிலோ மாற்றிப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று கொடுத்துவிட்டுப் போகிற பழக்கமும் இந்த விலைகளை ஏற்றிவிடுகிறது. ஒப்பிட வேண்டியது பக்கத்துத் தெரு விலையோடு. சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் இட்லியை 1 ரூபாய்க்கும், சாம்பார் சாதத்தை 5 ரூபாய்க்கும், தயிர் சாதத்தை 3 ரூபாய்க்கும் நிர்ணயித்தது. மானியத்தில் ஓடுவது என்பதால் ஓட்டலோடு நேராக ஒப்பிட முடியாது, ஆனாலும் அடிமட்ட விலை எது என்பது தெரியும்.

இரவுப் பேருந்துக்கு இன்னமும் தோற்காத ஏற்பாடு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது. நாலு இட்லிக்கு ஒரு மேசைக்கரண்டி இட்லி மிளகாய்ப் பொடி, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய். இரண்டு பக்கமும் தடவி, நன்றாக ஆறிய பிறகுதான் மடிக்க வேண்டும். சூட்டோடு மடித்தால் வேர்த்துப் பிசுபிசுத்து சீக்கிரம் புளித்துவிடும். கட்டும் வாழை இலையை அடுப்பில் லேசாக வாட்டினால் மடிப்பில் கிழியாது. புளிசாதம் என்றால் மறுநாள் காலை வரை தாங்கும்.