உப்புவெளி இளைஞர் ஆதரவு நிலையம்: ஒரு தாய்மாமனின் மதிப்பீடு

பாடசாலையிலிருந்து இடைவிலகி, சைக்கிள் திருட்டு வழக்கொன்றில் அகப்பட்ட என் தங்கையின் மகன், நீதிமன்றத்தின் நன்னடத்தைக் கட்டளைப்படி கடந்த 8 மாதங்களாகத் திருகோணமலை மாவட்டத்தின் உப்புவெளியிலுள்ள ஓர் ஆதரவு நிலையத்துக்குச் சென்று வருகிறான். சிறைக்குப் பதிலாக நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் ஒருவரைச் சமூகத்திலேயே வைத்துத் திருத்துவதற்கு நமது நாடான இலங்கையில் 1944ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது என்பதை நான் அங்குதான் அறிந்தேன். குற்றவியல் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதும் 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

நிலையத்தின் பெரும்பலம் அதன் படகு இயந்திரப் பட்டறையாகும். பழைய சாக்கொன்றில் காபரேட்டரின் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே பரப்பி, உப்பேறிய ஒவ்வொன்றையும் பெற்றோலில் தோய்த்துத் துடைக்கும்படி முதிய மீனவர் ஒருவர் பொறுமையாகக் கற்பிக்கிறார். வீட்டில் பத்து நிமிடம் ஓரிடத்தில் இராத பிள்ளை அங்கே மாலைவரை குனிந்தே இருக்கிறான். சைக்கிளைப் பறிகொடுத்தவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்கவும் அலுவலர்களே வழிசெய்தார்கள். அவர் அவனுக்குத் தேநீர் கொடுத்ததைக் கண்டு என் தங்கை அழுதுவிட்டாள்.

ஆனால் உளவள ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே வருகிறார். அது போதவே போதாது. மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணம் வழங்கப்படாததால் சிலர் இடையிலேயே நின்றுவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தையல் தவிர வேறு பயிற்சி இல்லை. அவர்களையும் பட்டறைக்குள் சேர்க்க வேண்டுமென எழுத்தில் கேட்டிருக்கிறேன்.