மரபணுப் பரிசோதனையா, குடும்ப வரலாறா?

பெற்றோருக்கு உடல் பருமனும் ரத்தக் கொதிப்பும் இருந்தால், நமக்கும் வருமோ என்ற பயம் இயல்புதான். இதை மரபணுப் பரிசோதனையில் பார்ப்பதா, குடும்பத்தில் விசாரித்தாலே போதுமா?

செலவு
பரிசோதனை: பணம் கட்ட வேண்டும்.
குடும்ப வரலாறு: காசு செலவில்லை.

எளிமை
பரிசோதனை: எச்சிலோ ரத்தமோ கொடுத்தால் போதும். முடிவைப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம்.
குடும்ப வரலாறு: பெரியவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். நோய் எந்த வயதில் வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

எவ்வளவு சொல்லும்?
பரிசோதனை: 2007-இல் பருமனோடு தொடர்புள்ளதாகத் தெரியவந்த எஃப்டிஓ மரபணுவையே எடுத்துக்கொள்வோம். அதன் மாறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்குச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதல், அவ்வளவுதான். ரத்த அழுத்தத்தில் நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் பங்கு வகிக்கின்றன. பெரும்பாலானவை தனித்தனியே 1 புள்ளிகூட ஏற்றுவதில்லை.
குடும்ப வரலாறு: மரபணுக்களோடு, ஒரே வீட்டின் சாப்பாட்டுப் பழக்கத்தையும் சேர்த்தே காட்டிவிடும். பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பேன்.

அப்புறம் பரிசோதனை யாருக்கு? கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காத பசியோடு எடை ஏறும் குழந்தைக்கு அவசியம் தேவை. லெப்டின் (வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்) குறைபாடு என்று தெரிந்தால் ஊசி மருந்தால் பசியே அடங்கும். இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் எகிறி, பொட்டாசியமும் குறைந்தவர்களுக்கும் தேவை. லிடில் நோய்க்குறி (சிறுநீரகம் உப்பை அதிகமாகத் தக்கவைக்கும் அரிய பரம்பரை நோய்) என உறுதியானால் அமிலோரைடு மாத்திரை நன்றாகக் கேட்கும். மற்றவர்கள் குடும்ப விவரத்தை எழுதி மருத்துவரிடம் கொடுத்து, ரத்த அழுத்தத்தை முறையாக அளந்து வந்தால் போதும்.