ஜென்செட் நின்றாலும் நிற்காத கான்ட்ரா

எங்கள் தோட்டத்து லயத்தில் இரவு பத்து மணிக்கு, மின்சாரம் தரும் ஜென்செட்டை நிறுத்திவிடுவார்கள். எட்டு மணிச் செய்தி முடியும்வரை டிவி அப்பாவுடையது, அப்புறம் அக்காவின் நாடகம், கடைசியில் நானும் அண்ணனும் மைக்ரோ ஜீனியஸ் கேம் பெட்டியை டிவியில் சொருகும்போது மணி ஒன்பதே முக்கால் ஆகியிருக்கும். கான்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தில் மூன்றாவது கட்டத்தைத் தாண்டினோமா இல்லையா, படக்கென்று இருட்டு. கேசட்டில் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது, மறுநாள் முதலிலிருந்துதான். அந்த ஆட்டத்தின் எட்டாவது, கடைசிக் கட்டத்தை நான் கண்ணால் பார்த்ததே போன மாதம்தான்.

சுங்கை சிப்புட்டில் ஒரு கைபேசிக் கடையில் பழைய ஸ்விட்ச் லைட் (நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவி) ஒன்று கிடைத்தது. அதில் பழைய கான்ட்ரா ஆட்டங்களின் தொகுப்பான கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷனை வாங்கிப் போட்டேன். கான்ட்ராவைச் செய்த கோனாமி நிறுவனம் 2019-இல் வெளியிட்டது, அதனால் இது சுடச்சுட விமர்சனம் இல்லை. வந்தபோது விலை இருபது அமெரிக்க டாலர், அவ்வப்போது தள்ளுபடியிலும் வரும். ஒரு கேசட்டில் அறுபத்து நாலு ஆட்டம் என்று ஒட்டியிருந்த திருட்டுக் கேசட்டில் விளையாடி வளர்ந்தவன் நான், கான்ட்ராவுக்கு நியாயமாகக் காசு கொடுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

மொத்தம் பத்து ஆட்டங்கள் என்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு, ஐரோப்பாவில் விற்பதற்காகச் சிப்பாய்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்ட அதே ஆட்டங்கள். நாம் வீட்டு டிவியில் ஆடிய கான்ட்ராவும் இரண்டு வடிவத்தில் இருக்கிறது, ஒன்று அமெரிக்காவில் வந்தது, இன்னொன்று ஜப்பானின் ஃபேமிகாம் கேம் பெட்டிக்கு வந்தது. ஜப்பான் வடிவத்தைத் திறந்ததும் முதல் கட்டத்தில் காட்டு மரங்கள் ஆடுகின்றன, பனிக் கட்டத்தில் பனி கொட்டுகிறது, கட்டத்துக்குக் கட்டம் நடுவில் வரைபடம் வேறு! அந்தக் கேசட்டுக்குள் கோனாமி தன்னுடைய தனிச் சிப்பைப் போட்டிருந்ததால் இதெல்லாம் முடிந்தது. எங்கள் கேசட்டில் மரம் ஆடியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

பழைய குறைகளையும் அப்படியே விட்டிருக்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் வரைய அந்தக் காலத்துப் பெட்டியால் முடியாது, அதனால் எஸ் துப்பாக்கியை எடுத்து விசிறியடித்தால் குண்டுகள் மினுக் மினுக்கென்று மறைந்து தெரியும். இங்கேயும் அப்படித்தான். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ அடித்தால் முப்பது உயிர், அதுவும் அப்படியே இருக்கிறது. கசுஹிசா ஹஷிமோடோ என்பவர் 1986-இல் கோனாமியின் கிராடியஸ் என்ற இன்னொரு ஆட்டத்தைச் சோதிக்கும்போது தன்னாலேயே விளையாட முடியவில்லை என்று போட்டுக்கொண்ட வழி அது. செய்தவருக்கே அந்தக் கதி என்றால் பத்து வயதில் நாங்கள் செத்துச் செத்து விழுந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமிக்கலாம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் பத்து நிமிடம், மதியம் ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் வரும்வரை கொஞ்சம் என்று ஆடியே எட்டுக் கட்டத்தையும் முடித்தேன். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு சேமிப்புதான், எதிரிக்கு முன்னால் ஒற்றை உயிரோடு சேமித்துத் தொலைத்தால் மாட்டிக்கொண்டோம். கொஞ்சம் பின்னால் போய்த் திருத்தும் வசதியும் இல்லை. அதே கோனாமி 2021-இல் விட்ட காசில்வேனியா அட்வான்ஸ் கலெக்‌ஷனில் அது இருக்கிறது. எனக்கு அது தேவையில்லை, செத்தால் செத்ததுதான் என்ற பயம் போய்விட்டால் இது கான்ட்ராவே இல்லை. இரண்டாவது சேமிப்பு இடம் ஒன்று கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

திரை ஐந்தரை அங்குலம். பழைய டிவி ஆட்டங்களுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் காலி இடம் விழும், படம் பளிச்சென்று இருக்கிறது. கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கான்ட்ராதான் சொதப்பல். அது நட்டுவைத்த செங்குத்துத் திரைக்குச் செய்தது, படுத்திருக்கும் இந்தத் திரையில் நடுவில் ஒரு கீற்றாக நிற்கிறது, என் வயதுக் கண்ணுக்கு ஆகாது. பொத்தான்களில் குறை சொல்ல முடியாது. பெரிய ஸ்விட்சில் இடது கைக்கு நாலு தனித்தனிப் பொத்தான், லைட்டில் நம் பழைய கூட்டல் குறி. தாவிக்கொண்டே சாய்வாகச் சுட அதுதான் வசதி.

ஆனால் கான்ட்ரா இரண்டு பேர் ஆட்டம். லைட்டின் கன்ட்ரோலர் கழன்று வராது, டிவியிலும் மாட்ட முடியாது, நிற்கவைக்கப் பின்னால் காலும் கிடையாது. இன்னொருவர் சேர வேண்டுமென்றால் தனிக் கன்ட்ரோலர் வாங்கி, மிலோ டின்னில் சாய்த்துவைத்து, இரண்டு தலையும் முட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். ஜோடியாக ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் லைட் வேண்டாம், பெரிய ஸ்விட்சை எடுங்கள்.

தீபாவளிக்கு வந்த அண்ணனுடன் அப்படித்தான் ஆடினேன், கன்ட்ரோலர் பக்கத்து வீட்டுப் பையனுடையது. மூன்றாவது கட்ட நீர்வீழ்ச்சியில் ஒருவர் வேகமாக மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்பவர் செத்தார். அண்ணன் அன்றைக்கும் எனக்காகக் காத்திருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. அடுத்த தீபாவளிக்குக் கன்ட்ரோலரை அவரே வாங்கி வரட்டும்.