கோத்தகிரியிலிருந்து: 2011 கணக்கெடுப்பின் ஊர்வாரி அட்டவணை பற்றி ஒரு மதிப்புரை

கோத்தகிரி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். போன ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "நம்ம ஊர்ல மொத்தம் எத்தனை வீடு, எத்தனை பேரு, சின்னப் பிள்ளைங்க எத்தனைன்னு யாருக்காவது தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் 2011 கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய் எழுதியவள். என்னாலும் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்காக இறக்கிப் பயன்படுத்தியதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஊர்வாரி அட்டவணை. தங்கள் ஊர்க் கணக்கு வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கைபேசியில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் தனியார் தளங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். அப்படி ஒன்றில் எங்கள் கிராமத்துக்கு நடப்பு ஆண்டின் மக்கள்தொகை என்று கடைசி இலக்கம் வரை ஓர் எண் இருந்தது. எப்படிக் கணித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. 2011க்குப் பிறகு நாடு முழுவதும் ஊர் ஊராகத் தலை எண்ணிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதுவும் முடியவில்லை. அதிலும் நீலகிரிக்கு வளர்ச்சி விகிதம் போட்டுப் பெருக்கினால் கணக்கு அடியோடு தப்பும். 2001ல் எங்கள் மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011ல் 7,35,394 பேர். தமிழ்நாட்டிலேயே அந்தப் பத்தாண்டில் ஆள் குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். எனவே அசல் அட்டவணையையே எடுங்கள். இலவசம். எக்செல் கோப்பாக வரும். மாவட்டப் பட்டியலில் நீலகிரியை 'என்' எழுத்தில் தேடாதீர்கள், 'தி நீலகிரிஸ்' என்று 'டி' எழுத்தில் இருக்கும்.

எடுக்க வேண்டியவை இரண்டு கோப்புகள். பலர் முதல் கோப்போடு நின்றுவிடுகிறார்கள்.

முதலாவது, முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரிசை. குடும்பங்கள், மொத்த ஆட்கள், ஆண், பெண், ஆறு வயது வரை உள்ள குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், வேலை செய்வோர் என்று வரிசையாகப் போகும். தலைப்புகள் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருப்பதால் முதல் நாள் கண்ணைக் கட்டும். இரண்டாம் நாள் பழகிவிடும். 2001க்கும் இதே அட்டவணை கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் கிராமத்தில் குடும்பங்கள் கூடியிருந்தன, ஆட்கள் குறைந்திருந்தார்கள். அந்த இரண்டு எண்களை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பிள்ளைகள் ஏன் இல்லை என்று பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்த விஷயம் அதில் இருந்தது. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது, இளவட்டங்கள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனார்கள். மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 2001ல் 1,014 பெண்கள், 2011ல் 1,042 பெண்கள். இறங்கிப் போனவர்களில் ஆண்களே அதிகம் என்று எங்கள் தெருவில் நிற்கும் யாரும் சொல்வார்கள்.

இந்தக் கோப்பில் எங்கள் மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. தேயிலை பறிப்பவர்களை விவசாயக் கூலி என்ற கட்டத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கணக்கெடுப்பில் தோட்டத் தொழில் 'இதரத் தொழிலாளர்' கட்டத்தில் போகிறது. வாத்தியார், கடைக்காரர், அரசு ஊழியர் எல்லோரும் அதே கட்டம்தான். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் நிறைந்த ஒரு கிராமத்தின் வரிசையைப் பார்த்துவிட்டு, "இங்கே விவசாயக் கூலிகளே குறைவு, ஊர் முன்னேறிவிட்டது" என்று திட்டம் போட்டால் கூடை சுமக்கிற பெண்கள் கணக்கிலிருந்தே மறைந்து போவார்கள். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவரும் வகுப்பறையில் நிற்கிற நானும் அந்த அட்டவணையில் ஒரே கட்டம்.

குடும்பம் என்றால் என்ன என்பதில்தான் இந்த அட்டவணையின் உயிர் இருக்கிறது. ரேஷன் கார்டை வைத்துக் குடும்பத்தை எண்ணுவதில்லை. ஒரே சமையலில் சாப்பிட்டு, வழக்கமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். உறவுக்காரர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை எழுதினோம், மார்ச் முதல் ஐந்து நாள் சரிபார்த்தோம். அப்போது ஒரு ஹட்டியில், அதாவது படுகர் குடியிருப்பில், ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, "எத்தனை பேரும்மா?" என்று கேட்டேன். மருமகள் ஐந்து என்றார். உள்ளேயிருந்து மாமியார், "நாலுன்னு எழுது டீச்சர், என் அடுப்பு தனி" என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, இரண்டு பக்கமும் அடுப்பு. கையேடு சொன்னபடி இரண்டு குடும்பங்களாக எழுதினேன். மகன் முகம் வாடிப்போனது. "அம்மாவைத் தள்ளி வெச்சிட்டோம்னு ஆயிரும் டீச்சர்" என்றார். அப்படி ஒரு கட்டமே படிவத்தில் இல்லை என்று சொல்லித்தான் ஆறுதல் படுத்தினேன்.

இன்னொரு வீட்டில் இதற்கு நேர் எதிர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார். கணக்கெடுக்கும் அந்த இருபது நாளும் ஊரில் இல்லை. "கார்டுல பேர் இருக்கு, எழுதுங்க டீச்சரம்மா" என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். எழுதக் கூடாது. அவரைத் திருப்பூரில் எண்ணுவார்கள். கார்டில் மூன்று பேர் உள்ள வீடு, என் படிவத்தில் இரண்டு பேர். உங்கள் ஊரின் ரேஷன் கார்டு கணக்கும் கணக்கெடுப்பும் பொருந்தாமல் போனால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று எடுத்த எடுப்பில் நினைக்காதீர்கள். இரண்டும் எண்ணுவது வேறு வேறு குடும்பங்களை.

அடுத்து, பலர் தவறவிடும் இரண்டாவது கோப்பு. தலை எண்ணுவதற்கு முன்னால் 2010ல் வீடுகளைப் பற்றி எடுத்த வீட்டுப்பட்டியலின் ஊர்வாரி அட்டவணை. கூரை, சுவர், கழிப்பறை, தண்ணீர் பற்றித்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதன் நடுவே, ஒருவர் மட்டும் உள்ள குடும்பங்கள் எத்தனை சதவீதம், இருவர் உள்ளவை எத்தனை, மூவர், நால்வர், ஐவர், ஆறிலிருந்து எட்டு, ஒன்பதும் மேலும் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் எத்தனை தம்பதிகள் என்பதும் உண்டு. தம்பதியே இல்லாத வீடு, ஒரு தம்பதி, இரண்டு தம்பதி என்று. கூட்டுக் குடும்பம் எங்கே போயிற்று என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பத்தியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசலாம். ஐந்து நட்சத்திரம் இந்தக் கோப்புக்குத்தான் தருவேன்.

ஏன் இந்தப் பிரிவு முக்கியம் என்றால், சராசரி ஏமாற்றும். தமிழ்நாட்டில் மொத்த ஆட்கள் 7,21,47,030. குடும்பங்கள் சுமார் 1.85 கோடி. வகுத்தால் குடும்பத்துக்கு 3.9 பேர். முதல் கோப்பில் நீங்களும் இப்படி வகுத்துப் பார்ப்பீர்கள். ஆனால் அதில் விடுதி, ஆசிரமம், படைமுகாம் எல்லாம் 'நிறுவனக் குடும்பம்' என்ற பெயரில் சேர்ந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் ஊட்டியைச் சுற்றித் தங்கிப் படிக்கும் பள்ளிகள் இருக்கின்றன, வெலிங்டனில் ராணுவப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நூறு பேர் தங்கும் ஒரு விடுதி ஒரே குடும்பமாக நின்றால் சராசரி ஏறத்தானே செய்யும்? வீட்டுப்பட்டியலில் வரும் குடும்ப அளவு அவற்றை விட்டுவிட்டு வீட்டுக் குடும்பங்களை மட்டும் சொல்கிறது.

குறை என்று சொன்னால், எனக்கு இரண்டுதான் உறுத்துகின்றன. ஊர்வாரி என்று பெயர் இருந்தாலும் இங்கே ஊர் என்பது வருவாய்க் கிராமம். சமவெளியில் அது ஓரளவுக்கு ஊராகவே இருக்கும். நீலகிரியில் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள், எஸ்டேட் லைன்கள், காலனிகள், பழங்குடிக் கிராமங்கள் எல்லாம் அடங்கிவிடும். ஒரு ஹட்டியில் கிழவர்கள் மட்டும் மிஞ்சியிருப்பதும் பக்கத்து லைனில் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்கள் நிறைந்திருப்பதும் ஒரே வரிசையில் கலந்துபோகும். பேரூராட்சி, நகராட்சிக்காரர்களுக்கு வார்டு வாரியாகக் கிடைக்கிறது, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இன்னொன்று, தனியாள் வீடு எத்தனை என்று தெரிகிறதே தவிர, அந்த ஓர் ஆள் இருபத்தைந்து வயது வங்கி ஊழியரா, எண்பது வயதுப் பாட்டியா என்று தெரிவதில்லை. மாநிலத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011லேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். எங்களுக்குத் தேவை அந்தப் பாட்டியின் கணக்கு.

மொழி, பிறந்த இடம் போன்றவை இந்தக் கோப்புகளில் வராது. என் அப்பாவும் அம்மாவும் இந்தியாவும் இலங்கையும் 1964ல் செய்த ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்தவர்கள். அவர்களைப் போன்றவர்கள் எங்கள் கிராமத்தில் எத்தனை என்பதை ஊர் வரிசையில் காண முடியாது. படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்களைத் தேடுவோர் மொழி அட்டவணையில் கன்னடம் என்ற தலைப்பின் கீழ் பார்க்க வேண்டும். 2011ல் 1,33,550 பேர் என்று அங்கேதான் இருக்கிறது. தங்கள் மொழி தனி மொழி என்று சொல்லும் என் படுகத் தோழிகளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தம். அது நியாயமான வருத்தம் என்றே நானும் நினைக்கிறேன்.

அட்டவணை பழசாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். 2021ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011ல் ஆறு வயதாக இருந்த பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். புது எண்கள் வரும்வரை இதைப் பழைய புகைப்படம் போலப் பாருங்கள். யார் எங்கே நின்றார்கள் என்று தெரியும், அதை வைத்து இன்றைக்கு எந்த வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்றும் தெரியும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டு கோப்பிலிருந்தும் எங்கள் கிராமத்து வரிசையை ஒரே தாளில் அச்செடுத்து, ஓரத்தில் ஹட்டி, லைன், காலனி என்று பேனாவால் கட்டம் போட்டு, மகளிர் குழுப் பெண்கள் நான்கு பேரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். குழந்தை எத்தனை என்று கேட்கத்தான் கிளம்பினோம். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு வந்தோம். இரண்டு அடுப்பு வீட்டுக்கும் போனேன். பலகைத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். மகன் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய் ஏழு வருடம் ஆகிறது. மாமியார்தான் இருக்கிறார். காலையில் வடித்த சோறு ராத்திரிக்கும் ஆகிவிடும் என்றார். 2011ல் இரண்டு குடும்பம், ஐந்து பேர் என்று நான் எழுதிய அந்த வாசலுக்கு நேராக இந்த முறை ஒரு குடும்பம், ஒருவர் என்று குறித்தேன். "இந்தத் தடவையாவது என் மகன் பேரையும் சேர்த்து எழுது டீச்சர்" என்றார்.