மொட்டைமாடி சோலாருக்கு வீட்டுக்கடன் டாப்-அப்: எடுக்கலாமா?

வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருப்பவர் சோலார் கொட்டேஷனோடு வங்கிக்குப் போனால், பல கிளைகளில் முதலில் நீட்டுவது டாப்-அப் (ஓடும் வீட்டுக்கடன் மேலேயே கூடுதல் கடன்) படிவத்தைத்தான். "மாசம் 1,300 ரூபாய்தான் சார், கரண்ட் பில்லில் மிச்சமாவதே கட்டிவிடும்" என்பார்கள்.

பொய்யில்லை. 1,50,000 ரூபாய், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை 1,300தான். ஆனால் வட்டி மட்டும் 1,62,000 ரூபாய் போகும், அசலைவிட அதிகம். அதே கடனை 7 வருடத்தில் முடித்தால் தவணை 2,375, வட்டி 49,500. சோலார் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிவரும் சாமான். அது குப்பைக்குப் போன பிறகும் அதற்குத் தவணை கட்டுவானேன்?

3 கிலோவாட் வரை மட்டும் போடுகிறவர்கள் டாப்-அப் பக்கமே போக வேண்டாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 லட்சம் வரை அடமானமில்லாத தனிக் கடன் இருக்கிறது. ரெப்போவை (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடன் வட்டி) ஒட்டிய வட்டி, வீட்டுக்கடனைவிடக் குறைவு. டாப்-அப்பில் சத்தமில்லாமல் ஏறும் செலவுகள் வேறு: பிராசசிங் கட்டணம், சில வங்கிகளில் புதிதாக வக்கீல் கருத்து, கூடுதல் தொகைக்கு இன்னொரு எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்ததற்கான ஆவணம்) பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள், வில்லங்கச் சான்றில் இன்னொரு வரி. ஒன்றரை லட்சத்துக்கு இத்தனை அலைச்சல் தேவையில்லை.

டாப்-அப்புக்கும் ஓர் இடம் உண்டு. சூரிய வீடு திட்டத்தின் அரசு மானியம் பேட்டரிக்குக் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் தப்ப ஏழெட்டு அடி உயரத்துக்கு ஸ்ட்ரக்சர் ஏற்றுவது, மாடிக்கு வெப்பம் தடுக்கும் ஓடு பதிப்பது, பழைய வயரிங்கை மாற்றுவது எல்லாம் சேர்ந்து நாலைந்து லட்சம் ஆகும்போது டாப்-அப் சரியான கருவி. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (ஈபி லைனோடு இணைந்த) சோலார், கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் ஷாக் அடித்துச் சாகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பவர் கட் அதிகமான ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டே கொட்டேஷன் கேட்க வேண்டும்.

எடுப்பதானால் டாப்-அப்புக்குத் தனிக் கணக்கு எண், 7 வருடத்துக்கு மேல் போகாத காலம் என்று எழுதி வாங்குங்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் (2 கிலோவாட்டுக்கு 60,000) சோலார் ஓடத் தொடங்கிய பிறகுதான் கணக்கில் ஏறும்; அதுவரை முழுத்தொகையும் உங்கள் தலையில். வந்ததும் அப்படியே அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனில் தனிநபருக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் இல்லை. தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் இஷ்டம்.

அதிகம் சிக்கும் இடம் பெயர். ஈபி கனெக்‌ஷன் அப்பா பெயரில், வீட்டுக்கடன் மகன், மருமகள் பெயரில். மானியம் இணைப்பு யார் பெயரிலோ அவருக்குத்தான். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பேனல் உள்நாட்டு செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மானியம் இல்லை. சீரியல் நம்பர்கள் பில்லில் வந்தாக வேண்டும்.

கடன் தொகையையே சுருக்க ஒரு வழி சொல்கிறோம், வங்கிக்காரர் சொல்லமாட்டார். 75 வாட் பழைய ஃபேன் ஐந்தை 30 வாட் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) ஃபேனாக மாற்றினால், தினம் 12 மணி நேர ஓட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 162 யூனிட் மிச்சம். 640 யூனிட் வீடு 480க்கு வந்துவிடும். 500ஐத் தாண்டினால் கீழ்ப் படியில் கிடைக்கும் சலுகையும் போய்விடுவதால், இந்த இறக்கம் பில்லில் யூனிட் கணக்கைவிடப் பெரிதாகத் தெரியும். கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று பார்த்தால் அந்த வீட்டுக்கு 3 வேண்டாம், 2 கிலோவாட்டே போதும். ஃபேனுக்கு ஆகும் 15,000 ரூபாய்க்குக் கடன் எதற்கு?

சோலார் கடனில் வங்கி பெரும்பாலும் பணத்தை நேராக நிறுவுபவர் கணக்குக்கு அனுப்பும். கடைசி 10 சதவீதத்தை நெட் மீட்டர் (ஈபிக்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி முதல் ரீடிங் எடுத்த பிறகே விடுவிக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். பேனல் மாட்டிவிட்டு மீட்டருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் பணம் முழுக்கப் போயிருக்கும்.