கிருஷ்ணகிரியில் தை மாதத் தும்மல்: டெஸ்ட், மருந்துக்கடை, ஸ்பிரே

பொங்கல் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து கிருஷ்ணகிரி வந்து இறங்கியதும் தும்மலும் கண் அரிப்பும் பிடித்துக்கொண்டால், வீட்டில் எல்லோரும் மாம்பூவைத்தான் சொல்வார்கள். மாம்பூ மகரந்தம் பிசுபிசுப்பானது. ஈ, பூச்சி சுமந்தால்தான் நகரும். காற்றில் வெகுதூரம் போகாது. தோப்புக்குள் மூக்கு எரிந்தால் பூ வாசனையோ தத்துப்பூச்சிக்கு அடித்த மருந்தோகூடக் காரணமாக இருக்கலாம். ஊருக்குள் முதலில் சந்தேகப்பட வேண்டியது காலிமனையிலும் ரோட்டோரத்திலும் வெள்ளையாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியம். அமெரிக்கா, கனடாவில் ராக்வீட் அலர்ஜி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இரண்டும் ஒரே குடும்பச் செடிகள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அலர்ஜி டெஸ்ட் எடுக்க பெங்களூரு சுமார் 90 கி.மீ.தான். ஆனால் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் வகை அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். முந்தின நாள் போட்டுக்கொண்டு போனால் தடிப்பு எழும்பாது, போன பயணம் வீண். மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனையே வசதி. அதில் மொத்த ஐஜிஇ (அலர்ஜியில் கூடும் ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தின் அளவு) மட்டும் பார்த்தால் எந்தச் செடி என்று தெரியாது. பணம் கட்டுவதற்கு முன் பட்டியலில் பார்த்தீனியம், சீமைக் கருவேலம், அருகம்புல் மூன்றும் உண்டா என்று லேபில் கேளுங்கள்.

மருந்துக்கடையில் வெட்டிக் கொடுக்கும் அட்டைத் துண்டில் பெயரும் காலாவதித் தேதியும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் தெரியாது. மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து ஐந்து நாளைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அதுவே அடைப்பைக் கூட்டும். லெவோசெட்ரிசின் அலர்ஜி மாத்திரை 5 மி.கி. இரவில் போடுங்கள். தூக்கம் வரும், பெங்களூரு ஹைவேயில் வண்டி ஓட்டுபவருக்கு அது ஆபத்து.

டாக்டர் எழுதித் தரும் புளூட்டிகசோன் மூக்கு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாளாகும். அதனால் வெளிநாட்டிலேயே வாங்கி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், முனையைக் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும்.

மூக்கு கழுவ, கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே தீர வேண்டும்.

நெஞ்சில் விசில் சத்தமோ மூச்சிரைப்போ வந்தால் மருந்துக்கடையை நம்பி நிற்காதீர்கள். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச முடியாத அளவுக்குத் திணறினால் 108.